அண்ணன் சொன்ன சாட்சி

எங்கண்ணன் அழகேசன் நாலு பேரு முன்னாடி வாயத் திறந்து ஒண்ணச் சொல்லிட்டா முடிஞ்சது கதை. அப்புறம் வானமே இடிஞ்சு விழுந்தாலும் மாத்தாது. சின்னப் பிள்ளையில இருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்துல எதுக்கோ ரோஷப்பட்டு, "இனிமே நான் மீன் சாப்பிட மாட்டேன்"னு வகுப்பு முன்னாடி சொல்லிடுச்சு. இன்னைக்கு வரைக்கும் மீனைத் தொட்டதில்ல. மலேசியாவுல, அதுவும் கடலோரக் கெடாவுல பொறந்துட்டு மீன் சாப்பிடாத மனுசன் எங்கண்ணன் ஒண்ணுதான் இருக்கும். எனக்கு அப்பல்லாம் சிரிப்பா இருந்துச்சு. இப்ப அந்தக் குணத்தை நெனச்சா வயிறு எரியுது.

அண்ணனுக்கு அம்பத்தாறு வயசு. முப்பது வருஷம் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏத்துற லோரி ஓட்டுச்சு. எங்க ஊர் கரங்கானைச் சுத்தி இருக்கிற தோட்டங்கள்ல குலையை ஏத்தி மில்லுல கொண்டுபோய்க் கொட்டணும், திரும்பி வரணும், ஒரு நாளைக்கு நாலு நடை. செம்மண் ரோட்டுல எங்க பள்ளம், எந்தப் பாலத்துல பலகை ஆடும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லும். ஓட்டுறதுல கெட்டிக்காரன். குடிக்கிறதுலயும் கெட்டிக்காரனாத்தான் இருந்துச்சு, அதையும் சொல்லித்தான் ஆகணும். சாயங்காலம் லோரியை நிறுத்துனா சம்சு சாராயம்தான். அந்த மாதிரி நாள்ல அண்ணி அன்பரசி என் வீட்டுக்கு வந்து உக்காந்துக்கும். அழாது, ஒண்ணும் சொல்லாது. நான் கோப்பி கலக்கிக் குடுத்தா குடிச்சிட்டு அப்படியே உக்காந்திருக்கும். அந்த வருஷங்கள்ல எங்கண்ணனை நான் திட்டாத திட்டு இல்ல, வேண்டாத சாமி இல்ல. மாரியம்மனுக்குப் பால்குடம்கூட எடுத்தேன்.

கடைசியில அதை நிறுத்துனது நான் கும்பிட்ட சாமி இல்ல. அண்ணி போற சபை. இதை ஒத்துக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

கரங்கான் கடைத்தெருவுல டயர் கடைக்கு மேல, மாடியில இருக்கு அந்தச் சபை. முப்பது முப்பத்தஞ்சு பேரு வருவாங்க. எல்லாம் நம்ம தோட்டத்து ஆளுங்கதான், பாதிப் பேரு முன்ன என்கூடக் கோயில் வரிசையில நின்னவங்க. பாஸ்டர் பேரு சிவநேசன். ஞானஸ்நானம் வாங்குன பிறகு முன்னால இருக்கிற சிவனைக் கழட்டிட்டு வெறும் நேசன் ஆயிட்டாரு. நான் மட்டும் வேணும்னே முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிடுவேன். மனுசன் சிரிச்சுக்குவாரு. நல்ல மனுசன்தான். அதுவே எனக்குப் பின்னால பெரிய தொந்தரவா போச்சு.

அங்க ஒரு வழக்கம் உண்டு. மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை, பாட்டெல்லாம் முடிஞ்சதும் மைக்கை நடுவுல கொண்டாந்து வச்சிடுவாங்க. ஆண்டவர் தனக்கு என்ன செஞ்சாருன்னு யாரு வேணும்னாலும் எந்திரிச்சு வந்து சொல்லலாம். அதுக்குப் பேரு சாட்சி. மகனுக்கு வேலை கிடைச்சது, முட்டி வலி போனது, தொலைஞ்ச அடையாளக் கார்டு திரும்பக் கிடைச்சதுன்னு என்னென்னமோ சொல்லுவாங்க. சொன்னதும் எல்லாரும் கை தட்டி "ஸ்தோத்திரம்"பாங்க. பன்னண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, அண்ணி கெஞ்சிக் கூத்தாடி அண்ணனை அங்க கூட்டிட்டுப் போயிருக்கு. கடைசி நாக்காலியில உக்காந்திருந்த மனுசனுக்கு என்ன தோணுச்சோ, விறுவிறுன்னு போயி மைக்கைப் பிடிச்சு, "நான் குடியை விட்டுட்டேன்"னு சொல்லிடுச்சு.

எங்க விட்டுச்சு? லோரி சீட்டுக்குப் பின்னால அரைப் போத்தல் அப்பயும் இருந்துச்சு. இதை அண்ணனே என்கிட்டச் சொன்னதுதான். "சொல்லிட்டேன் வாசுகி. இனிமே ஒரு சொட்டு வாயில பட்டாலும், அத்தன பேரு முன்னாடி நான் பொய் சொன்னவனாயிடுவேன்ல"ன்னுச்சு. நேரா மாடிப்படி இறங்கி, போத்தலை எடுத்து டயர் கடைக்குப் பக்கத்துச் சாக்கடையில கவுத்திடுச்சு. ஒரு வாரம் கை நடுங்குச்சு, உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுச்சு. அண்ணி பக்கத்துலயே கிடந்துச்சு. அதோட சரி. முதல்ல வாயால சொல்லிட்டு, அப்புறம் சொன்னதை நெசமாக்கிக் காட்டிடுச்சு. பண்டார் பாரு ஊர்ச் சபையில இருந்தெல்லாம் காடி அனுப்பி, சாட்சி சொல்லக் கூட்டிட்டுப் போவாங்க. நான் கிண்டல் பண்ணுவேன்: "என்னண்ணே, இந்த வாரம் எந்த ஊர்ல கூத்து?" மனுசன் மொறைக்கும். ஆனா உள்ளுக்குள்ள எனக்கு அவ்வளவு பெருமை.

போன வருஷம் மார்ச்சுல, மில்லு வாசல்ல லோரியை விட்டு இறங்கும்போதே சுருண்டு விழுந்துடுச்சு. அலோர் ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புனாங்க. குடல்ல கட்டி. அறுத்து எடுத்துட்டாங்க, ஆனா ஈரல்ல மூணு இடத்துல பரவியிருக்குன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ போயி மருந்து ஏத்திக்கணும், மொத்தம் பன்னண்டு தடவ. வீட்டு ஆளு போன் நம்பரு கேட்டாங்க. அண்ணிக்கு மலாய் வராது, போன் அடிச்சாலே பதறிப் போகும். அதனால என் நம்பரைக் குடுத்தேன்.

அந்தச் சபை ஆளுங்க செஞ்சதைச் சொல்லாம விட்டா எனக்குத்தான் பாவம். திங்கக்கிழமை ஒரு குடும்பம், செவ்வாக்கிழமை ஒரு குடும்பம்னு முறை வச்சு, ஆளுக்கொரு நாள் பட்டினி கிடந்து அண்ணனுக்காக ஜெபம் பண்ணாங்க. வெயில்ல குலை வெட்டுறவங்க, ஃபேக்டரியில நின்னுக்கிட்டே வேலை செய்யுறவங்க, அவங்களும் பச்சத் தண்ணியோட இருந்தாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து கட்டிலைச் சுத்தி நின்னு கை வச்சு ஜெபிப்பாங்க. ஒருத்தர் கஞ்சி கொண்டாருவாங்க, ஒருத்தர் துணியை எடுத்துட்டுப் போயித் துவைச்சுக் கொண்டாருவாங்க. பாஸ்டர் தன் வேன்லயே அலோர் ஸ்டாருக்குக் கூட்டிட்டுப் போயி, மருந்து ஏறி முடியுற வரைக்கும் வாசல்ல உக்காந்திருந்து கூட்டிட்டு வருவாரு. நான் என் பங்குக்கு மாரியம்மனுக்கு நெய் விளக்குப் போட்டேன். அண்ணிகிட்டச் சொல்லல. அதுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்துக்கிச்சு.

ஆறு தடவ முடிஞ்சதும் ஸ்கேன் எடுத்தாங்க. ஈரல்ல ரெண்டு புள்ளியைக் காணோம், மூணாவது சுருங்கிப் போயிருந்துச்சு. டாக்டரம்மாவே சிரிச்சிடுச்சு. "மருந்து நல்லா வேலை செய்யுது. இன்னும் ஆறு தடவ இருக்கு, விட்டுடாதீங்க"ன்னு மலாய்ல சொல்லுச்சு. நானும் பக்கத்துலதான் நின்னேன். அண்ணனும் தலையை ஆட்டுச்சு.

அதுக்கு அடுத்த ஞாயிறு முதல் ஞாயிறு. அண்ணன் எந்திரிச்சுப் போயி மைக்கைப் பிடிச்சுச்சு. அண்ணி போன்ல வீடியோ புடிச்சு எனக்கு அனுப்புச்சு. சட்டை தொளதொளன்னு தொங்குது, முடியெல்லாம் கொட்டிப் போச்சு, குரல் மட்டும் கணீர்னு இருக்கு. "ஆண்டவர் என்னைச் சுகமாக்கிட்டாரு. இன்னைக்கு என் உடம்புல ஒரு வியாதியும் இல்ல." முப்பது பேரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்க. சில பேரு அழுதாங்க. வேலை இடத்துல பசியாறிக்கிட்டு இருந்தவ, ரொட்டியைக் கையில வச்சுக்கிட்டு நானும்தான் அழுதேன். எனக்கு ஒண்ணும் உறுத்தல. கொஞ்சம்கூட உறுத்தல. அதை நெனச்சாத்தான் என்னையே ரெண்டு அறை அறையலாம்னு இருக்கு.

அந்த வாரமே பாஸ்டர் வேனை எடுத்துக்கிட்டு வந்தப்ப, "நீங்க அலைய வேணாம் பாஸ்டர், நான் பாத்துக்கிறேன்"ன்னு அனுப்பிடுச்சு. அண்ணிகிட்டயும் அதே பேச்சுதான். நான் பாத்துக்கிறேன். பொய் ஒண்ணும் சொல்லல, பாருங்க. பஸ்ஸுல போயிட்டு வருதுன்னு பாஸ்டர் நெனச்சுக்கிட்டாரு. டாக்டரே போதும்னுட்டாங்கன்னு அண்ணி நெனச்சுக்கிச்சு. நான் குளிம்ல வேலை செய்யுற ஃபேக்டரியில ஓவர்டைம்ல கிடந்தேன். அண்ணன் பழையபடி லோரி ஏறிடுச்சு, கன்னம்கூட கொஞ்சம் சதை போட்டுச்சு. யாரு கேக்கப் போறா?

நவம்பர்ல ஒரு நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில இருந்து நர்ஸ் மிஸ்ஸி எனக்குப் போன் அடிச்சுச்சு. உங்க அண்ணன் மூணு மாசமா வரலையே, முதல்ல அவரு போனுக்கு அடிச்சப்ப அடுத்த மாசம் வர்றேன்னாரு, இப்பப் போனையே எடுக்கறதில்ல, என்ன ஆச்சுன்னு கேட்டுச்சு. சூப்பர்வைசர்கிட்ட லீவுகூடச் சரியா கேக்கல, மோட்டர் சைக்கிளை எடுத்துக்கிட்டு நேரா டயர் கடை மாடிக்குத்தான் போனேன். யாரையாவது நாலு கேள்வி நறுக்குன்னு கேக்கணும்னு இருந்துச்சு.

பாஸ்டர் தனியா நாக்காலி அடுக்கிக்கிட்டு இருந்தாரு.

"சிவநேசன், எங்கண்ணனை ஆஸ்பத்திரிக்குப் போக வேணாம்னு சொல்ல நீங்க யாரு?"ன்னு கத்துனேன்.

மனுசன் முகம் செத்துப் போச்சு. "போகலையாக்கா?"ன்னாரு. அப்படியே நாக்காலியில உக்காந்துட்டாரு. "நான் ஒரு நாளும் அப்படிச் சொல்லலக்கா. எங்கம்மாவே சுகர் மாத்திரை சாப்பிடுறாங்க, நான்தான் வாங்கிக் குடுக்கிறேன். நான் எப்படிச் சொல்லுவேன்?"

பொய் சொல்ற மூஞ்சி இல்ல அது. எனக்கு அதுதான் தாங்கல. திட்டுறதுக்கு ஒரு ஆளு கிடைச்சிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்! கத்திட்டாவது வீட்டுக்குப் போயிருப்பேன்.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு முன்னால பைப்பைப் பிடிச்சுக்கிட்டு லோரி கழுவிக்கிட்டு இருந்துச்சு. பைப்பைப் போயி அடைச்சேன்.

"ஏண்ணே போகல?"

டயரைப் பாத்துக்கிட்டே பேசுச்சு. "அத்தன பேரு முன்னாடி சுகமாயிட்டேன்னு சொல்லிட்டேன் வாசுகி. சொல்லிட்டு, மறுநாளே போயி மருந்து ஏத்திக்கிட்டா, ஆண்டவர் செஞ்சது பத்தலன்னு ஆயிடாது? நான் சொன்னது பொய்யின்னு ஆயிடாது?"

"டாக்டர் இன்னும் ஆறு தடவன்னு சொன்னப்ப மண்டைய மண்டைய ஆட்டுனியே!"

"அது சாட்சி சொல்றதுக்கு முன்னாடி."

அண்ணனே தொடர்ந்து பேசுச்சு. "குடியை மட்டும் நான் எப்படி விட்டேன்? முதல்ல சொன்னேன், அப்புறம்தான் விட்டேன். இதுவும் அப்படித்தான். சொன்னதுல நிக்கணும். எங்க சபைக் கிழவி பிச்சையம்மாவைப் பாரு. கிட்னி போயி, ரத்தம் சுத்தம் பண்ணிக்கப் போக மாட்டேன், செத்துப் போறேன்னு கிடந்துச்சு. என் சாட்சியைக் கேட்டுட்டுத்தான், அழகேசனைப் பாத்துக்கிட்ட ஆண்டவர் என்னையும் பாத்துக்குவாருன்னு திரும்பப் போகுது. நான் இப்ப ஆஸ்பத்திரியில படுத்தா அது என்ன நெனைக்கும்?"

"ஐயோ அண்ணே! உன் பேச்சைக் கேட்டு அது ஆஸ்பத்திரிக்குப் போகுது, நீ போகாம கிடக்கிற. யாருக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு?"

அண்ணன் பைப்பைத் திறந்துவிட்டுட்டு மறுபடி கழுவ ஆரம்பிச்சிடுச்சு. வாசப்படியில நின்ன அண்ணி எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. பன்னண்டு வருஷத்துக்கு முன்ன என் வீட்டுல உக்காந்திருந்த அதே மூஞ்சி.

பாஸ்டரும் ராத்திரி போயிப் பேசியிருக்காரு. மறுநாள் எனக்குப் போன் பண்ணி, "கேக்க மாட்டேங்கிறாருக்கா"ன்னாரு. "நான் சாட்சி சொன்னப்ப நீங்கதானே முதல்ல கை தட்டுனீங்கன்னு கேட்டாரு."

"சொன்ன சாட்சியைத் திரும்ப எடுத்துக்கிறதுக்கு உங்க சபையில ஒரு வழி இல்லியா?"ன்னு கேட்டேன்.

"அப்படி யாரும் செஞ்சதில்லையேக்கா"ன்னாரு.

டிசம்பர் முதல் ஞாயிறு நான் போனேன். நெத்தியில திருநீறு வச்சுக்கிட்டுத்தான் போனேன், ஆமா. அண்ணன் என்னைப் பாத்ததும் நகர்ந்து இடம் விட்டுச்சு, தங்கச்சி மனம் மாறிட்டான்னு நெனச்சிருக்கும், பாவம். மைக்கை வச்சதும் நான் எந்திரிச்சேன். அந்த ஜனங்க முகத்தைப் பாத்தேன். எங்கண்ணனுக்காகப் பட்டினி கிடந்தவங்க அவங்க.

"எங்கண்ணனுக்கு இன்னும் சரியாகல. மருந்து பாதியில நிக்குது. உங்க முன்னாடி சொல்லிட்டோமேங்கிற வெக்கத்துல போகாம இருக்கு. நீங்க யாராச்சும் போகச் சொல்லுங்க. நான் சொன்னாக் கேக்கல." அவ்வளவுதான் சொன்னேன்.

யாரும் கை தட்டல. அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கிச்சு. எங்கண்ணனை அப்படித் தலை குனிய வச்சது நான்தான். அந்த நிமிஷம் அப்படியே மாடிப்படியில உருண்டு செத்துடலாம்னு இருந்துச்சு.

அப்பத்தான் பிச்சையம்மா எந்திரிச்சுச்சு. அந்தக் காலத்துல ரப்பர்ப் பால் வெட்டுன கிழவி, இப்பக் கையில கட்டோட, ஒவ்வொரு நாக்காலியாப் பிடிச்சுப் பிடிச்சு அண்ணன்கிட்ட வந்துச்சு. "அட போய்யா மடப்பய. நான் வாரத்துக்கு மூணு நாள் போறேன், ஆண்டவர் ஒண்ணும் கோவிச்சுக்கல. எந்திரி"ன்னு சொல்லி, புது முடி முளைச்சிருந்த தலையில ஒரு தட்டுத் தட்டுச்சு.

அண்ணன் ஓன்னு அழுதுடுச்சு. மறுநாளே பாஸ்டர் வேன்ல அலோர் ஸ்டார் போனோம்.

திரும்ப ஸ்கேன் எடுத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க. ரெண்டு வாரம் கழிச்சு டாக்டரம்மா எங்க மூணு பேரையும் உக்கார வச்சுச்சு. இந்தத் தடவ சிரிக்கல. ஈரல் முழுக்கப் பரவிடுச்சு, நுரையீரல்லயும் தெரியுது. வேற மருந்து குடுத்துப் பாக்கலாம், குணமாக்க முடியாது, வலியைக் குறைக்கலாம். மாசக்கணக்குதான்.

"விடாம வந்திருந்தா?"ன்னு கேட்டேன்.

டாக்டரம்மா என்னையே பாத்துச்சு. விடாம வந்திருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம், ஆகாமலும் போயிருக்கலாம், என்னால சொல்ல முடியாதுன்னுச்சு. அதுவும் தெரியாதாம். எங்கண்ணன் தானே தன்னைக் கெடுத்துக்கிச்சா, இல்ல எப்படியும் போற உயிர்தானா, அதுகூட எங்களுக்கு ஒரு நாளும் தெரியப் போறதில்ல.

மலாய் புரியாத அண்ணி எங்க மூஞ்சியை மாறி மாறிப் பாத்துச்சு. "என்ன சொல்றாங்க?"ன்னுச்சு.

"மருந்து மாத்துறாங்களாம்"னுச்சு அண்ணன். நான் வாயை மூடிக்கிட்டேன். அன்னைக்கு மூடுன வாய்தான், அண்ணிகிட்ட இன்னும் திறக்கல.

இப்ப மார்ச் மாசம். அண்ணன் எந்திரிக்கிறதில்ல. காலு ரெண்டும் வீங்கிப் போச்சு, கண்ணு மஞ்சளாப் போச்சு. சபை ஆளுங்க வெள்ளிக்கிழமை தவறாம வர்றாங்க. நானும் இப்ப அவங்களோடதான் நிக்கிறேன். கும்பிடத் தெரியல, சும்மா நிக்கிறேன். வேற என்ன செய்யன்னு எனக்குத் தெரியல.

போன வெள்ளிக்கிழமை பாஸ்டர் எப்பவும் கேக்கிற மாதிரிக் கேட்டாரு: "எதுக்காக ஜெபிக்கணும்ண்ணே?"

முன்னெல்லாம் "சுகத்துக்கு"ன்னு அண்ணன் சட்டுன்னு சொல்லும். அன்னைக்குச் சொல்லல. மெதுவா என் பக்கம் கையைக் காட்டுச்சு. "வாசுகியைக் கேளுங்க பாஸ்டர். உள்ளதை உள்ளபடி சொல்றது அவதான்."

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. என்ன கேக்கணும்னு எனக்குத் தெரியும். வலி இல்லாமப் போகணும். ராத்திரியில கத்தாமத் தூங்கணும். அண்ணி கையைப் பிடிச்சுக்கிட்டே போகணும். நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. அண்ணி அண்ணனோட காலை மடியில வச்சு நீவிக்கிட்டே என்னை அண்ணாந்து பாத்துச்சு. நான் என்னமோ சொல்லப் போறேன், அதோட எல்லாம் நல்லாயிடும்ங்கிற மாதிரி பாத்துச்சு.

"சரியாகணும்னு கேளுங்க பாஸ்டர்"னேன். "எங்கண்ணனுக்குச் சரியாயிடும்." சத்தமாவே சொன்னேன்.

அண்ணன் சிரிச்சுச்சு. முகத்துல பல்லு மட்டும்தான் இருக்கு இப்ப. "சொல்லிட்டல்ல? நாலு பேரு முன்னாடி சொல்லிட்ட. இனி நீயும் நம்பித்தான் ஆகணும் புள்ள"ன்னுச்சு.

எல்லாரும் கண்ணை மூடுனாங்க, நானும் மூடுனேன். பாஸ்டர் ஜெபிக்க ஆரம்பிச்சாரு. அவர் சொல்லச் சொல்ல அண்ணி "ஆமாண்டவரே, ஆமாண்டவரே"ன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. சொன்னதை அண்ணன் மாதிரி நெசமாக்கிடலாம்னு நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டு நம்பிப் பாத்தேன். எவ்வளவோ பாத்தேன். எனக்கு வரல.